துண்டுக்குள் ஒரு கை, போனில் ஒரு கை

பெரிய போன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது ரோஹிணிதான்.

சித்தூர் செல்போன் கடையில் அவள் நைனா நாகேந்திரன் ஒரு சின்ன போனைக் கையில் எடுத்து, "இது கைக்கு அடக்கமா கீது" என்றார். ரோஹிணி உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுல நானும் அம்மாவும் ஒண்ணா படம் பாத்தா மண்டையும் மண்டையும் முட்டிக்கும் நைனா."

"எனக்கும் ஜாக்கெட் டிசைன் பெருசா தெரியணும்" என்று அம்மா பிரமிளாவும் மகள் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் நைனா மட்டும். அவர் என்ன செய்வார்? பழைய போனைக் கடையிலேயே கொடுத்துவிட்டு, சிலேட்டில் பாதி அளவு இருந்த புதுப் போனை வாங்கிக்கொண்டு பங்காருபாளையத்துக்கு பஸ் ஏறினார்.

வீட்டில் அந்தப் போனுக்கு ராஜ மரியாதை. கோடை விடுமுறை வேறு. சாயங்காலம் நைனா வந்ததும் ரோஹிணி போனை வாங்கிக்கொள்வாள். அம்மாவும் மகளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தலை முட்டாமல் படம் பார்த்தார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒருநாள் நைனா மாங்காய் மண்டியிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"சோறு துன்ன வாங்க" என்று அம்மா கூப்பிட்டாள்.

"பசிக்கல."

நைனா சோறு வேண்டாம் என்று சொன்னால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். ரோஹிணி அவர் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். "இன்னா ஆச்சு நைனா?"

நைனா மண்டியில் தரகர். திருப்பதியில் இருக்கும் பழ வியாபாரி சுரேஷ்பாபுவுக்காக, விவசாயிகளிடம் மாங்காய் பேரம் பேசி வாங்கித் தருவது அவர் வேலை. அந்த மண்டியில் விலையை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் கோத்துக்கொள்ளும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை; ஒரு விரலுக்குப் பத்து ரூபாய். வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் துண்டு நெளிவது மட்டும்தான் தெரியும்.

பேரம் முடியும்வரை கையை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால், 'உன் சரக்கு எனக்கு வேண்டாம்' என்று மூஞ்சியில் அடித்த மாதிரி. ஆகவே நைனாவின் வலது கை எப்போதும் துண்டுக்குள்தான். போனுக்கு மிச்சம் இருப்பது இடது கை.

"சுரேஷ்பாபு கூப்புட்டாரு" என்று நைனா மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். "கட்டை விரல் எட்டல. எட்டி எட்டி ஒருவழியா எடுத்தேன். போன் நழுவிச்சு. கெட்டியா புடிச்சேன். எங்க பட்டுச்சோ, ஸ்பீக்கர் ஆன் ஆய்டுச்சு."

"ஐயோ! அப்புறம்?"

"'நாகேந்திரா, முப்பதுல ஆரம்பி, நாப்பது வரைக்கும் போ'ன்னு அவரு பேசனது மண்டி பூரா கேட்டுச்சு."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தோள் குலுங்கியது.

"துண்டுக்குள்ள கங்காதர நெல்லூர் விவசாயி சின்னசாமி கை. மூணு விரலுக்கு இறங்கி வந்துகினு இருந்த மனுசன், டபக்குனு நாலு விரலையும் நீட்டிட்டாரு! நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா சுரேஷ்பாபுவுக்குச் செம கோபம். 'இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேற தரகரைப் பாத்துக்கறேன்'னுட்டாரு. சனிக்கெழம அடுத்த லோடு எடுக்கணும்."

நைனாவுக்கு இருந்தது ஒரே ஒரு வியாபாரி. அவரும் போய்விட்டால் இந்த மாங்காய் சீசன் முழுக்க நைனா மண்டியில் சும்மா நிற்க வேண்டியதுதான்.

ரோஹிணி போனைத் திருப்பிப் பார்த்தாள். இந்தப் போனைத் தேர்ந்தெடுத்தது யார்? அவளேதான். ஆனாலும் அவள் எழுந்து நின்று, "நான் சரி பண்ணித் தரேன் நைனா" என்றாள்.

ஒரு வேலையைத் தொடங்கும்போது அது முடியாமல் போகலாம் என்ற நினைப்பே ரோஹிணிக்கு வராது. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று அவள் அம்மாவுக்கே இன்னும் பிடிபடவில்லை.

"இயர்போனைக் காதுல மாட்டிக்கினு பேசலாமே நைனா?"

"மண்டியில பின்னால லாரி வந்துகினே இருக்கும். காதை அடைச்சிக்கினா எப்படிக் கேக்கும்? அடிபட்டு சாவறதா?"

சரி, அது வேண்டாம். ரோஹிணி தன் தலைமுடி ரப்பர் பேண்டை அவிழ்த்து, போனையும் நைனாவின் கையையும் சேர்த்து மாட்டினாள். போன் இப்போது நழுவவில்லை. ஆனால் கட்டை விரல் அப்போதும் எட்டவில்லை. நைனா இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். ரப்பர் பேண்ட் பட்டென்று அறுந்து பறந்துபோய் ரசத்தில் விழுந்தது.

"நல்லா சரி பண்ணே போ!" என்றாள் அம்மா.

ரோஹிணி அசரவில்லை. ஒரு துண்டை எடுத்து வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். வலது கையைத் துண்டுக்குள் விட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். இடது கையில் போனை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய குட்டிக் கட்டை விரல் திரையில் பாதிகூடப் போகவில்லை. போனின் கனத்தில் மணிக்கட்டு வலித்தது. போனை இறுக்கிப் பிடித்தால், கேட்காததெல்லாம் திறந்துகொண்டது.

இந்த அவஸ்தையோடா நைனா ஐந்தாறு நாளாக வேலை செய்தார்? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ரோஹிணிக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் திரை மங்கலாகத் தெரியும் என்பதால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள்.

விரலை இழுத்து நீளமாக்க முடியாது. அப்படியானால் பொத்தானைத்தான் விரலிடம் வரவழைக்க வேண்டும்.

அவள் போனின் செட்டிங்ஸைத் திறந்தாள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். வால்பேப்பரில் ஒரு கிளிப் படம் அழகாக இருந்ததால் அங்கே கொஞ்ச நேரம் போய்விட்டது. பிறகு நினைவு வந்து மறுபடி தேடினாள். கடைசியில் 'ஒன் ஹேண்டட் மோட்' என்று, ஒற்றைக் கையால் இயக்கும் வசதி ஒன்று அகப்பட்டது. அதை அழுத்தி, இடது பக்கம் என்று வைத்தாள்.

திரையில் இருந்த அத்தனையும் சுருங்கி, இடது பக்கக் கீழ் மூலையில் வந்து ஒண்டிக்கொண்டது. மற்ற இடமெல்லாம் வெறும் கறுப்பு. அங்கே எந்த விரல் பட்டாலும் போன் கண்டுகொள்ளவில்லை.

"நைனா! இங்க பாரு, சின்ன போன்!"

நைனா எட்டிப் பார்த்தார். "பெருசு எங்க போச்சு?"

"இதுக்குள்ளதான் கீது. மண்டியில சின்னது, வீட்டுல பெருசு. வா, பழகலாம்!"

பக்கத்து வீட்டு ரேகா அக்காவிடம், நைனாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னாள். வீட்டுக்குள் துண்டு விரித்து ஒற்றை மாங்காய்க்குப் பேரம் ஆரம்பமானது. ரோஹிணி எடுத்த எடுப்பிலேயே ஐந்து விரலை நீட்டினாள்.

"ஒரு மாங்காய்க்கா!" என்று நைனா கத்திவிட்டார்.

"வாயைத் தொறக்கக் கூடாது நைனா! மண்டி சட்டம்!"

முதல் தடவை நைனா அழைப்பை எடுப்பதற்குப் பதில் துண்டித்தார். அடுத்த தடவை எடுத்தார். ஆனால் தலைகீழாகக் காதில் வைத்தார். அதற்குப் பிறகு கட்டை விரலுக்குப் பாதை பழகிவிட்டது. பார்க்காமலே எடுத்தார்.

"போதுமா? எனக்கு அடுப்புல கொழம்பு கீது!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரேகா அக்கா குரல் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் ரோஹிணியும் மண்டிக்குப் போனாள். எங்கே பார்த்தாலும் பங்கனப்பள்ளி மாங்காய்க் குவியல். நைனா சின்னசாமியின் எதிரே நின்று துண்டைப் போட்டார். துண்டு நெளிய ஆரம்பித்தது. தரகர்கள் சிலர் தங்கள் பேரத்தைக்கூட விட்டுவிட்டு நைனாவின் போனையே பார்த்தார்கள்.

போன் அடித்தது. சுரேஷ்பாபு!

ரோஹிணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நைனாவின் கட்டை விரல் மூலைக்குப் போய், பச்சைப் பொத்தானைத் தள்ளியது. போன் காதுக்குப் போனது. "ம்... ம்... சரிங்க" என்றார் நைனா. வேறு ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

சின்னசாமி கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னாய்யா, இன்னிக்கு உன் போன் பேசாதா?" என்றார் ஏமாற்றமாக.

"எங்கிட்ட மட்டும்தான் பேசும்" என்றார் நைனா.

துண்டு இன்னும் கொஞ்ச நேரம் நெளிந்தது. பிறகு இரண்டு பேரும் கையை வெளியே எடுத்தார்கள். என்ன விலை என்று ரோஹிணிக்குத் தெரியாது. ஆனால் நைனாவும் சிரித்தார், சின்னசாமியும் சிரித்தார். நியாயமான விலையாகத்தான் இருக்க வேண்டும்.

லோடு ஏறியதும் சுரேஷ்பாபு மறுபடி கூப்பிட்டார். நைனா பேசியது மட்டும் ரோஹிணிக்குக் கேட்டது.

"ஆமாங்க... இல்லீங்க, போன் அதேதான்... அடுத்த லோடா? எடுத்துடலாம்ங்க. இல்லீங்க, நான் ஒண்ணும் பண்ணல. எல்லாம் எம் பொண்ணு பண்ணா."

அதைச் சொல்லும்போது நைனா ரோஹிணி பக்கம் திரும்பினார். ரோஹிணி காதில் வாங்காத மாதிரி மாங்காய்க் குவியலைப் பார்த்தாள்.

"பாப்பா, கொஞ்சம் இங்க வா" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

திரும்பினால், அந்த வரிசையில் இருந்த தரகர்கள் எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வலது கை துண்டுக்குள் இருந்தது. இடது கையில் ஒரு பெரிய போன் அவளை நோக்கி நீண்டிருந்தது.

"எனக்கும் போனைச் சின்னதாக்கிக் குடு!"

"மொதல்ல எனக்கு பாப்பா!"

அன்று மண்டியில் எல்லாரும் ஒரே கையால் வேலையை முடித்தார்கள். ரோஹிணிக்குத்தான் இரண்டு கையும் போதவில்லை.