கறுப்புத் துணிக்கு அடியில்

காலை ஆறு மணி. பொரிப்பறையில் கறுப்புத் துணிகளை விலக்கியபோது எங்கும் அசைவில்லை.

பொரிக்கும் நாளில் முட்டை ஒட்டிய அட்டைகள் எல்லாம் எறும்பு மொய்த்தது போல இருக்கும். வெளிச்சம் பட்டதும் பட்டுப்புழுக் குஞ்சுகள் தலையைத் தூக்கும். அன்று முட்டைகள் மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தன. சுருங்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் குழி விழுந்து. அறை உலை போலக் கொதித்தது. ஹீட்டரின் திருகு கடைசிக் கோட்டில் நின்றது.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தபோது, குஞ்சு வாங்க வந்த விவசாயிகள் கேட்டுக்கு வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ எறிந்த கல்லில் வாசல் விளக்கு நொறுங்கிக் கிடந்தது. அந்தக் கல் பொரிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கானது. அவள் சாமான் அறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாவி ரெண்டு" என்றார் முதலாளியம்மா. "ஒன்னு என்கிட்ட, ஒன்னு அவகிட்ட. ஹீட்டரைத் திருகிவிட்டுட்டுப் போய்ப் படுத்துட்டா. இல்லன்னா எவன்கிட்டயோ காசுக்குக் கை நீட்டியிருக்கா. உள்ளே தள்ளுங்க மேடம்."

"உங்க சாவி ராத்திரியில எங்க இருக்கும்?"

"வீட்டு ஆணியில. வீட்டுல நான், என் பொண்ணு, மாப்பிள்ளை. எங்களையே கேக்கறீங்களா?"

"எல்லாரையும்தான் கேப்பேன்."

சாமான் அறையை ஏட்டு தட்டித் திறக்க வைத்தார். அக்கா வெளியே வந்தாள்.

"சாயங்காலம் பூட்டும்போது திருகு சரியாத்தான் இருந்துச்சு மேடம்."

"பார்த்தீங்களா, இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் மூஞ்சியைக்கூட நான் அத்தனை தடவை பார்த்ததில்ல."

"துணியை எப்ப மூடினீங்க?"

"முந்தாநாள். முட்டைக்குள்ள கரும்புள்ளி தெரிஞ்சதும் மூடிடுவோம். குஞ்சோட தலைதான் அந்தப் புள்ளி. இருட்டுல வச்சாத்தான் எல்லாம் ஒன்னா பொரியும். பொரியற நாள் வரைக்கும் யாரும் திறக்கறதில்ல."

"எல்லாத்தையும் நீங்களே மூடினீங்களா?"

"ஜன்னலோர அட்டையை மட்டும் மாப்பிள்ளை மூடினாரு. 'நீங்க போய்ச் சாப்பிடுங்கக்கா, நான் பார்த்துக்கறேன்'னாரு. தங்கமான மனுஷன்."

"என் மாப்பிள்ளை தின்ன தட்டையே நகத்த மாட்டான்" என்று ஏட்டு முணுமுணுத்தார்.

மாப்பிள்ளை பின்கட்டில் பச்சைச் சாறு நிறைந்த பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வசம்பு, வேப்பங்கொட்டை. என் சொந்தத் தயாரிப்பு மேடம். புழுவோட முதுகுல ஒரு ஈ முட்டை வைக்கும். அது பொரிஞ்சு, புழுவை உள்ளேயிருந்து தின்னும். இதைத் தெளிச்சா ஈயோட முட்டை அப்படியே செத்துடும்."

"பட்டுப்புழு முட்டை?"

"அதுக்கு ஒன்னும் ஆகாது. அதைக் கண்ணால பார்க்கத்தான் இன்னைக்கு மருந்துக் கம்பெனிக்காரங்க வர்றதா இருந்தாங்க. பாழாப்போன பொம்பளை, எல்லாத்தையும் வேக வச்சுட்டா."

இன்ஸ்பெக்டர் மறுபடியும் பொரிப்பறைக்குள் போனார். சூடு இன்னும் இறங்கவில்லை. செத்த முட்டைகளின் வாடை அடித்தது. பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வோர் அட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சாம்பல் நிற ஓடுகளுக்குள் சுருண்ட கறுப்பு உடல்கள். பொரிய வேண்டியதுதான் பாக்கி. ஜன்னலோர அட்டையில் மட்டும் முட்டைகள் வெளிறிய மஞ்சளாக இருந்தன. தன் கண்ணையே நம்பாமல் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"இது ஏன் வெளுத்திருக்கு?"

"அது வேற ரகம்" என்றார் பின்னால் நின்ற மாப்பிள்ளை.

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்துக்கு வரச்சொன்னார்.

"முதலாளியம்மா, இந்த முறை எத்தனை ரகம் வச்சீங்க?"

"ஒன்னுதான். எல்லாம் ஒரே நாள்ல இட்ட முட்டை. யாரு வேற சொன்னது?"

முதலாளியம்மாவின் மகள் தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரிச் சூட்டுல எல்லாம் செத்திருந்தா, எல்லாமே ஒரே வளர்ச்சியில செத்திருக்கணும். மத்த அட்டையில குஞ்சு முழுசா இருக்கு. ஜன்னலோரத்துல தலைப்புள்ளிகூட இல்ல. அங்க சூடு கம்மியா இருந்திருக்கலாமோன்னு யோசிச்சேன். அப்படின்னா அது பொழைச்சிருக்கணும், வளராம செத்திருக்கக் கூடாது. துணி மூடறதுக்கு முன்னாடியே அது செத்துப்போச்சு. மத்ததெல்லாம் நேத்துச் செத்தது." அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "கம்பெனிக்காரங்களுக்குக் காட்ட அந்த அட்டையில மருந்தைத் தெளிச்சீங்க. மூடற நாள்ல பார்த்தா புள்ளி விழல. அக்கா கண்ணுல பட்டா அதோட கதை முடிஞ்சுது. அதான் நீங்களே மூடினீங்க. ஆனா பொரியற நாள்ல ஒரு அட்டை மட்டும் செத்துக் கிடந்தா உங்க மருந்துதான் மாட்டும். எல்லாம் செத்துக் கிடந்தா?"

"ஹீட்டர்" என்றார் ஏட்டு மெதுவாக.

"ஆமா. ஆணியிலிருந்து சாவியை எடுத்து, ராத்திரி போய் ஹீட்டரைத் திருகிட்டாரு. ஒரு சாவை மறைக்க ஊரையே சுடுகாடாக்கினாரு. பழியைச் சுமக்க ஒரு அக்கா இருந்தாங்க."

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். "கம்பெனிக்காரங்க முன்னாடி ஒரே ஒரு தடவை பொரிஞ்சுட்டா போதும்னுதான்... அளவு ஜாஸ்தியாயிடுச்சு அத்தை. அடுத்த தடவை சரி பண்ணியிருப்பேன்."

முதலாளியம்மா அக்காவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

பழி நீங்கிய அக்கா அழவில்லை. அவள் கண் பின்கட்டுப் பாட்டில்களின் மேல் இருந்தது.

"போன வாரம் முட்டை வாங்கினவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பாட்டில் சும்மா கொடுத்தீங்களே" என்றாள். "அது முட்டையைக் கொல்லும்னு தெரிஞ்சப்புறமாவது அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் அவள் கேட்டை நோக்கி நடந்தாள்.

"கேட்டைத் திறக்காதீங்க, அடிச்சுடுவாங்க" என்று ஏட்டு தடுத்தார். அவள் கையை விலக்கிவிட்டுத் தாழை நீக்கினாள். கூட்டம் அவளைக் கண்டதும் ஓ என்று கூவியது. முன்வரிசையில் ஒருவன் கல்லோடு கையை ஓங்கினான்.

"அப்புறம் எறிடா. போன வாரம் வாங்கின முட்டை மேல அந்தப் பச்சை மருந்தைத் தெளிச்சியா?"

ஓங்கிய கை நின்றது.

"நேத்து என் பொண்டாட்டி தெளிச்சா. ஈ வராதுன்னு சொன்னாங்களே?"

"புள்ளி விழுந்துச்சா?"

அவனுக்குத் தெரியவில்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவனுக்கு முன்னால் அவன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.