எல்லைக்கு இந்தப் பக்கம்

"உன் தம்பிக்கு வழி விடத்தானடி இந்தத் தேதியைக் குறிச்ச!"

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் கருத்தம்மாள் ஆரம்பித்துவிட்டாள். கனகலட்சுமி மதியச் சோற்றை டப்பாவில் அடைத்தாள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வாய் அது.

அருப்புக்கோட்டையில் ஓர் ஆபீசில் கனகத்துக்கு வேலை. வெளிநாட்டு முதலாளிகளுக்குத் தொழில் தெரிந்த ஆட்களைக் காட்டி, அந்த முதலாளிகள் தங்கள் பொறுப்பில் அவர்களை விசா எடுத்து அழைத்துக்கொள்ள வேண்டிய காரியங்களையெல்லாம் செய்து கொடுக்கிற ஆபீஸ். போலந்தில் கப்பல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மறுநாள் மதுரைக்கு வருகிறார். வெல்டர்களைத் தன் கண் முன்னால் பற்றவைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாராம். கொழுந்தன் பாண்டீஸ்வரன் பெயரும் கொடுத்திருந்தது. கனகத்தின் தம்பி அழகுராஜா பெயரும் கொடுத்திருந்தது.

தேதியை அவள் வீட்டில் சொல்லாமலா இருந்தாள்? சொன்னாள். டி.வி. சத்தத்தில் யார் காதில் விழுந்தது! மகனுக்கு விசா கிடைக்க வேண்டுமென்று கருத்தம்மாள் அம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டு, நேற்றுத்தான் தன் கையிலும் மகன் கையிலும் காப்புக் கட்டிவிட்டு வந்திருந்தாள். காப்புக் கட்டியவர்கள் அம்மன் கோயில் பொங்கல் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. விசாவுக்காக நேர்ந்த நேர்த்தியே விசாவுக்குக் குறுக்கே வந்து நின்றது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

"அவுத்து வச்சிட்டுப் போயிட்டு, வந்து கட்டிக்கிட்டா என்ன?" என்றார் கனகத்தின் புருஷன் சண்முகவேல், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"வாயக் கழுவு! கட்டுன காப்ப அவுத்தா குடும்பம் வெளங்குமா?"

"வேணாம்ண்ணே, அவுக்க மாட்டேன்," என்ற பாண்டியின் கண் கலங்கியிருந்தது. "எனக்குக் குடுத்து வைக்கல மதினி... விடுங்க."

"கேட்டியாடி?" கருத்தம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "எம் மகன் போகாட்டி அந்த எடம் உன் தம்பிக்குத்தானே? சந்தோசந்தானே ஒனக்கு?"

பாண்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஐ.டி.ஐ.யில் சேர்த்தது யார்? இதே கனகம்தான். புருஷனைப் பார்த்தாள். வாயில் இட்லி இருப்பது அந்த மனிதருக்கு எவ்வளவு வசதி!

"அப்படி நெனைச்சிருந்தா பாண்டி பேரையே குடுத்திருக்க மாட்டேன் அத்தே," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

"வராதவன் பேரை எடுத்துட்டு அடுத்த ஆளைப் பாரும்மா," என்றார் ஆபீஸ் முதலாளி ஜோதிலிங்கம்.

கனகம் விடவில்லை. போலந்துக்காரருக்குத் தானே போன் போட்டு, தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஆள் லேசில் மசியவில்லை.

"சாமிக்காக என் வேலையை விடுகிறவன், நாளைக்கு வேறு எதற்காகவும் விடமாட்டானா?"

பொறுப்பேற்று அழைத்த ஆள், போய் இறங்கிய மறுவாரமே வேறு நாட்டுக்கு ஓடிவிடுவானோ... எந்த முதலாளிக்கும் இருக்கிற பயம் இதுதான். கனகத்துக்கு அது தெரியும்.

"ஒரு மஞ்சள் கயிறு சார். அதை அவிழ்க்க மனமில்லாமல் வெளிநாட்டு வேலையே வேண்டாம் என்கிறான். உங்களுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் அவிழ்ப்பானா?"

கடைசியில் அவர் இறங்கிவந்தார். மறுநாள் மதுரையில் வேலை முடிந்து, சாயங்காலம் தூத்துக்குடி போகிற வழியில் ஊருக்குள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அக்கா! தேறிட்டேன்! ஒரு எடந்தான் மிச்சமாம். பாண்டி வரலைன்னா எனக்குத்தான்!"

கனகம் கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் மைக்செட்டும் சீரியல் லைட்டும் சேர்ந்து ஊர்க் கரண்டை உறிஞ்சியதில் வீட்டு விளக்கே மங்கலாக எரிந்தது. அந்தக் கரண்டில் வெல்டிங் செட் ஓடாது. ஜெனரேட்டர் இருந்தது தம்பியின் பட்டறையில்தான்.

"தம்பி... உன் ஜெனரேட்டர் வேணும்லே."

"பாண்டிக்கா?"

"ஆமாடா."

பாண்டியின் கைவேலை தன் வேலையைவிடச் சுத்தம் என்று அழகுராஜாவுக்கும் தெரியும். "கொண்டாரேன்," என்றான்.

கனகத்தின் பிறந்த ஊரான பாளையம்பட்டியிலிருந்து குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு அவன் வந்து இறங்கியதும், கருத்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன்தான் வயரை இழுத்து மாட்டினான். பாண்டி கையுறைக்கு மேலே காப்புத் தெரிய, இரண்டு தகடுகளை ஒட்டினான். சொன்னபடி வந்திருந்த போலந்துக்காரர் அதை வளைத்துப் பார்த்தார், விரிசல் இல்லை. கையெழுத்துப் போட்டார். பிறகு அழகுராஜாவின் கையைக் குலுக்கி ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

"அவன்கிட்ட என்னடா சொல்றாரு?" என்றாள் கருத்தம்மாள்.

பாண்டி கையுறையைக் கழற்றினான். "அடுத்த தடவ பாப்போம்ங்காரும்மா. நான் வராட்டி... அந்த எடம் அவனுக்கு. தெரிஞ்சுதான் ஜெனரேட்டர் கொண்டாந்திருக்கான். கேட்டதே மதினிதானாம்!"

கருத்தம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பியைத் தனியே அனுப்ப கனகத்துக்கு மனம் வரவில்லை. பாளையம்பட்டியில் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் என்ன சொல்வது? உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலித்தது. வண்டியில் ஏறிக்கொண்டாள். ஊர் எல்லையில் கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்தைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"ஆத்தா கனகம்... நில்லு! நானும் வாரேன். உங்கம்மா கால்ல நான் விழணும்!"

தலைமுடி அவிழ ஓடிவந்த கிழவி, தோரணத்தைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டாள்!

கனகம் குதித்து ஓடினாள். "தாண்டாதீக அத்தே! காப்பு..."

"உன்னைய அம்புட்டுப் பேசுனேனே... எனக்கென்னடி காப்பு!"

அவளை அணைத்து ஊருக்குள் இந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள் கனகம். இரண்டு பேரும் தோரணத்தடியில் நின்று அழுதார்கள். வாய்விட்டு அழக்கூட கனகத்துக்குத் தெம்பில்லை. மாமியார் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நீ... திரும்பி வந்துருவியா தாயி?"

"அம்மாவைப் பாத்துட்டு வந்துர்றேன். இன்னிக்காச்சும் நீங்க உலை வச்சிருங்க அத்தே... ரொம்பப் பசிக்குது."

"வைக்கிறேன்டி. நீ வந்துதான் நான் சாப்பிடுவேன்."

குட்டியானை புறப்பட்டது. கருத்தம்மாள் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்று, வண்டி ரோட்டில் திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு, அடுப்புப் பற்றவைக்க வேகவேகமாக வீட்டுக்கு நடந்தாள்.