செரிப் பொருத்தம்

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றபோது அருணகிரியின் வாயில் இன்னும் பாதி முட்டை இருந்தது. பெண் பார்க்க வந்த இடம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவன் வயிறு.

தொப்புளுக்கு அருகே புளியங்கொட்டை அளவில் எல்லாரும் ஒரு செரிமானியைப் பதித்துக்கொண்டிருந்த காலம் அது. தின்ற புரதம் எந்த வேகத்தில் ரத்தத்தில் சேர்கிறது என்று அது சொல்லிவிடும். மோர்த்தெளிவு ஓடும், முட்டை நடக்கும், வெந்த கடலை உட்கார்ந்து உட்கார்ந்து போகும். வயிற்றுக்கு வயிறும் வேகம் மாறும். ஒரே வேகக்காரர்களுக்கு ஒரே நேரத்தில் பசிக்கும், சேர்ந்து சாப்பிடுவார்கள், குடும்பம் நிலைக்கும் என்று யாரோ சொல்லப்போக, ஜாதகம் பரணுக்குப் போய் செரிப் பொருத்தம் வந்துவிட்டது. பெண் பார்க்கும் வீட்டில் பஜ்ஜியும் இல்லை, சொஜ்ஜியும் இல்லை. வெறும் வயிற்றில் ஆளுக்கொரு அவித்த முட்டை. இரண்டு வயிறுகளின் கோடுகளும் சுவரில் ஓடும்; வீடே உட்கார்ந்து பார்க்கும்.

அருணகிரிக்கு மந்த வயிறு. போன வீடுகளிலெல்லாம் அவன் கோடு எருமைபோலப் படுத்துக்கொண்டது. மனைவி இறந்தபின் தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, மிக்சியோடு பேசும் நிலைக்கு வந்திருந்தான். அதனால் இந்த முறை வரும் வழியிலேயே மோர்த்தெளிவுப் புரதத் தூளைக் கரைத்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டான். அது, முட்டை வாய்க்குள் போன நேரமாகப் பார்த்து வேலையைக் காட்டியது. கோடு கூரைக்குப் பாய, உயிருக்கு ஆபத்து என்று செரிமானி ஊரைக் கூட்டிவிட்டது.

ஆம்புலன்ஸில் வந்தவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, பெண்ணின் அண்ணன் நல்லபெருமாள் கேட்டார்.

“என்னத்தக் குடிச்சிட்டு வந்தீங்க?”

“மோர்த்தெளிவு.”

“ஏன்யா?”

“உங்க தங்கச்சிக்கு வேக வயிறுன்னாங்க. என்னோடது நத்தை. ஓடிப் புடிச்சிரலாம்னு பாத்தேன்.”

நல்லபெருமாள் சிரிக்கவில்லை. சுவரில் ஓடிய கோடுகளை அணைத்தார். “பொருத்தம் தேறாதுங்க. கிளம்புங்க.”

அருணகிரி எழுந்து செருப்பில் காலை நுழைத்தான். நுழைத்தவன் திரும்பினான்.

“வயிறு என்ன சொல்லுதுன்னு எல்லா வீட்லயும் சொல்லிட்டாங்கண்ணே. உங்க தங்கச்சி என்ன சொல்றாங்கன்னு ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்.”

தங்கை பூங்கோதை தன் முட்டையை நிதானமாகத் தின்று முடித்தாள்.

“என் முதல் கல்யாணத்துல முழுப் பொருத்தம். ரெண்டு கோடும் ஒரே கோடாத் தெரிஞ்சுது, தெருவே கை தட்டிச்சு. அப்புறம் பாத்தா, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பசிக்குது. ஒரே நேரத்துல கோவம் வருது. கத்துறதுக்கு ரெண்டு பேர், அடுப்பப் பத்த வைக்க ஒருத்தரும் இல்ல. அதுலயே அத்துப்போச்சு.”

“கோதை…”

“நீ சும்மா இருண்ணே.” அவள் அருணகிரியைப் பார்த்தாள். “எனக்குப் பதினோரு மணிக்கே கண்ணு இருட்டும். அப்போ உங்களுக்குப் பசிக்குமா?”

“காலைல தின்ன சுண்டலே அப்பத்தாங்க யோசிச்சிட்டு இருக்கும்.”

“தோசை சுடுவீங்களா?”

“சுடுவேன். வட்டமா வராது.”

“பரவால்ல. எனக்குச் சம்மதம்.”