கிணற்றுத் தண்ணீர்க் கறை

செவ்வாய்க்கிழமை காலை, நீச்சல் குளத்தின் ஆழப்பக்கச் சுவரிலிருந்து தரையில் படிந்த கறை ஆறடி தள்ளியிருந்தது. முந்தின நாள் அது இரண்டடிதான்.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவதாஸ் நாடாவை மடக்கி, விரித்து, குளத்து விளிம்போரமாக மறுபடி அளந்தான். மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி மூன்று முறை அளந்தான். ஆறடி. தப்பு தன் மேல்தான் இருக்கும் என்று நினைத்தான். எதிலும் முதலில் அவனுக்கு அப்படித்தான் தோன்றும். கறை நகராது. நேற்று நாடாவைச் சரியாகப் பிடித்திருக்க மாட்டான்.

காஜா பேராங்கில் இத்தனை காலம் வெள்ளைக்காரர்கள் மட்டுமே நீந்திய கிளப் குளம் அது. மெர்டேக்கா என்ற சுதந்திர நாளை முன்னிட்டு வெள்ளிக்கிழமை முதன்முதலாக ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அதில் இறங்கப்போகிறார்கள். கழுவி வெறுமையாகக் கிடந்த குளத்தை நிரப்பக் குழாய்த் தண்ணீர் போதவில்லை. அதனால் பம்ப் அறைக்குப் பின்னால், ஜப்பான்காரன் காலத்தில் பலகை அடித்து மூடிய கிணற்றை, யாரையும் கேட்காமல் தேவதாஸ் திறந்தான். குளம் நிறைந்தது. சனிக்கிழமை பிளீச்சிங் பவுடர் போட்டான். ஞாயிற்றுக்கிழமை தரையில் கறை தெரிந்தது.

கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் பவுடர் பட்டதும் பழுப்பாகத் தரையில் படியும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் அப்படிப் படிவது எங்கும் பரவலாகத்தான் படியும். இதற்குத் தலை இருந்தது. தோள் இருந்தது. ஒரு முழங்கால் மடங்கியிருந்தது.

"என்னடா தேவா, டீ கொட்டின மாதிரி?" கிளப்பில் கணக்கெழுதும் கிராணி கலியாணசுந்தரம் குடையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வெள்ளைக்காரத் துவான் இதைப் பார்த்தாருன்னா வேலையும் போச்சு, கிளப் ரூமும் போச்சு. உன் பொண்டாட்டிக்கு ரோட்டுலதான் பிரசவம் லா."

"பாசிங்க ஐயா. தேய்ச்சா போயிடும்."

"போகணும். நைட் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி படிக்கிறேன்னு பெரிசா சொன்னியே!"

பவுடரைத் துணிப்பையில் கட்டி, கயிற்றில் இறக்கி, கறையின் நெஞ்சில் வைத்தான். பாசியோ இலையோ விட்ட கறையானால் வெளுத்திருக்கும். கருத்தது. பிறகு நீளக் குழாய் வழியாக, கறையின் நீட்டிய கை விரல்களின் மேல் கொஞ்சம் ஆசிட் விட்டான். நுரை அடங்கி, தண்ணீர் தெளிந்து, வேப்பமர நிழல் மறுபடி தரையில் நின்றபோது, நீட்டியிருந்த கை மார்போடு மடங்கியிருந்தது.

நிழல்தான் ஏமாற்றுகிறது என்று நோட்டில் எழுதினான். பிறகு அதை அடித்தான்.

புதன்கிழமை பதினெட்டடி.

அன்று மாலை ஜெயா, எட்டு மாத வயிற்றைத் தாங்கியபடி, அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "கிணத்துப் பலகையை யாருங்க எடுத்தா? பால்காரரு கேட்டாரு. அந்தக் கிணத்துலதான் ஜப்பான்காரன் ஆளை..."

"சும்மா இரு ஜெயா."

"நான் என்ன சொல்ல வந்தேன்னாச்சும் கேளுங்களேன்."

அவன் கேட்கவில்லை. கேட்டால் குளத்தைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் இந்த அறை இல்லை, இந்தக் கட்டில் இல்லை, இவளுக்குப் படுக்க இடமில்லை.

வியாழக்கிழமை மாலை கறை ஆழமில்லாத பக்கத்தை அடைந்திருந்தது. கடைசிப் படியின் மேல் ஒரு கை இருந்தது.

இருந்த ஆசிட் ஜாடி அத்தனையையும் ஊற்றினான். கண் எரிய, தொண்டை கரகரக்க, பம்பை ஓடவிட்டுக் காத்திருந்தான். சோதனைக் குழாயில் சிவப்பாக நிற்க வேண்டிய சொட்டு மருந்து, ஆசிட் ஏறி மஞ்சளாக மாறியது. விடிந்தபோது தரை வெள்ளை. குளம் முழுவதும் வெள்ளை. அங்கேயே உட்கார்ந்தான்.

கறை போகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆசிட்டில் கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்குப் பவுடர் போடக் கூடாது; போட்டால் மறுபடி படியும். அதைக் கிராணியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்.

சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் கூச்சலோடு இறங்கினார்கள். தேவதாஸ் ஆழப்பக்கத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். படிகளின் அருகே கலியாணசுந்தரம் மூக்கை உறிஞ்சினார்.

"என்னப்பா, மருந்து வாசனையே இல்லை? வாசனை வந்தாத்தானே துவான் நம்புவாரு!"

அவர் கையில் வாளி இருந்தது.

"ஐயா, வேணாம்!"

பவுடர் விழுந்தது. விழுந்த இடம் பழுப்பேறியது. டிகாஷன் போல. பிள்ளைகளின் முழங்கால்கள் மறைந்தன. இடுப்புகள் மறைந்தன. தேவதாஸ் ஓடினான். உடுப்போடு குதித்தான். ஒரு கையைப் பிடித்து மேலே தள்ளினான். இன்னொரு கை. ஒரு சடை. ஒரு சட்டைக் காலர். எண்ணிக்கொண்டே தள்ளினான். ஒன்பது. பத்து. பதினொன்று. கடைசிப் பையன் அழுதான். பன்னிரண்டு.

"பைத்தியமாடா உனக்கு? துவான் பார்க்கிறாருடா!"

தேவதாஸ் மார்பளவு தண்ணீரில் நின்றான். பழுப்பு நிறம் நான்கு பக்கத்திலிருந்தும் சுருங்கி வந்துகொண்டிருந்தது. அவனை நோக்கி. மூலைகள் தெளிந்தன. சுவர்கள் தெளிந்தன. பிறகு தரை. அவன் கால் பாதம்கூடத் தெரிந்தது.

"அட!" கிராணி குனிந்து பார்த்துச் சிரித்தார். "பளிங்கு மாதிரி இருக்கே லா! தப்பிச்சடா தேவா. ஏறி வா, ஏறி வா."

முதல் படியில் கால் வைத்தான். உடம்பு கனத்தது. இரண்டாவது படி. ஈரத் துணியின் கனம்தான் என்று சொல்லிக்கொண்டான். மூன்றாவது படி.

மேலே பிள்ளைகளின் சத்தம் நின்றது. கிராணியின் சிரிப்பும் நின்றது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

தேவதாஸ் குனிந்து பார்த்தான். அவனுடைய வெள்ளைச் சட்டையில், இரண்டு கக்கங்களுக்கும் அடியிலிருந்து, பின்னாலிருந்து வருவதுபோல், இரண்டு பழுப்புக் கைகள் விரல் விரலாக நீண்டு நெஞ்சின் நடுவில் கோத்துக்கொண்டன. இடது தோளில், காலரின் ஓரத்தில், ஒரு தாடையின் வடிவம் மெல்லக் கருத்துக்கொண்டிருந்தது.