தர்மினியின் ஏரிக்கரைப் படங்கள்

நாற்பத்தொன்றாவது படத்தில் புல்லின்மேல் மூன்று நிழல்கள் விழுந்திருந்தன.

துஷ்யா அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று பின்னேரம் லோறென்ஸ்கூக் என்ற ஊரின் ஏரிக்கரையில் அவள் எடுத்த படங்கள் அவை. தர்மினிக்கு எட்டாம் மாதம். கணவன் பிரசாந்தன் அவளுடைய தோளில் கை போட்டு நிற்க, வெயில் இருவருக்கும் பின்னால் இருந்ததால் நிழல்கள் நீண்டு கமெராவை நோக்கிக் கிடந்தன. கோடையில் துஷ்யாவுக்கு ஓய்வே இருப்பதில்லை. கிழமை நாட்களில் பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசை, சனி ஞாயிறுகளில் கலியாணச் சோடிகள், பிறந்தநாள் பிள்ளைகள், இப்படி வயிற்றைத் தாங்கியபடி நிற்கும் பெண்கள்.

மூன்றாவது நிழல் சின்னது. நான்கு வயதுப் பிள்ளையின் உயரம் இருக்கலாம். அது தர்மினியின் நிழலின் கையைப் பிடித்திருந்தது. படத்திலோ தர்மினியின் இடது கை வெறுமையாகத் தொங்கியது, விரல்கள் மட்டும் எதையோ பொத்தியதுபோல் லேசாக மடிந்திருந்தன.

ஏதாவது மரக்கட்டையாக இருக்கும் என்று நினைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். கட்டை இல்லை. நிழல் தொடங்கும் இடத்தில் நசுங்காத புல்லும் இரண்டு மஞ்சள் பூக்களும்தான் இருந்தன.

நோர்வேயின் கோடை. இரவு ஒன்பது மணியாகியும் வெளியே நல்ல வெளிச்சம். கணினித் திரையில் வெயில் படாதிருக்க அவள் திரைச்சீலையை இழுத்து விட்டிருந்தாள். வெஸ்ட்லியில் ஏழாம் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன வீட்டுக்குள் பக்கத்து பல்கனியில் இறைச்சி வாட்டும் புகையும், கீழே கடைசித் தரிப்பிடத்துக்குள் நுழையும் ரயிலின் கிறீச்சிடலும், யாரோ ஒரு பெண் நெடுநேரமாகச் சிரிக்கும் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிறகு சிரிப்பு நின்றது. புகையின் மணமும் போய்விட்டது.

அடுத்த படத்துக்குப் போனாள்.

நாற்பத்தாறில் சின்ன நிழல் கையை விட்டிருந்தது. நாற்பத்தொன்பதில் தனியே நின்றது. ஐம்பத்தைந்தில் அவர்களுக்கும் கமெராவுக்கும் நடுவில். தர்மினி எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் படத்தில் நிழலின் கால்கள் மட்டும் கீழ் ஓரத்தில் தெரிந்தன. மிச்சம் படத்துக்கு வெளியே. துஷ்யா நின்ற இடத்தில்.

அந்தப் படத்தை எடுத்தபோது தன் இடது கை குளிர்ந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏரிக்காற்று என்று நினைத்திருந்தாள்.

தொலைபேசி அடித்தது. பிரசாந்தன். படங்களைப் பற்றிக் கேட்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் மெதுவாகக் கதைத்தான். ஆஸ்பத்திரியில் நிற்பதாகவும், ஏரிக்கரையில் இருந்து வந்ததில் இருந்து வயிற்றில் அசைவு இல்லை என்றும், இரண்டாவது டொக்டரைக் கூப்பிடப் போயிருக்கிறார்கள் என்றும் சொன்னான். தர்மினி உங்களோடை கதைக்க வேணுமாம் என்றான்.

தொலைபேசி கை மாறியது.

"அக்கா, நீங்கள் படம் எடுக்கேக்கை என்ரை கையை ஆரோ பிடிச்சிட்டு விட்டமாதிரி இருந்தது. உங்களுக்கு ஏதும் தெரிஞ்சதோ?"

துஷ்யா திரையைப் பார்த்தாள்.

"இல்லை, தர்மினி. ஒண்டும் தெரியேல்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம். பாத்தனான்."

மறுமுனையில் கதவு திறந்தது. நோர்வேஜிய மொழியில் ஒரு பெண் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். பிறகு தர்மினியின் குரல். அது சொல்லாக இல்லை. தொலைபேசி எங்கேயோ விழுந்தது.

துஷ்யா எழுந்தாள். காற்று வேண்டும்போல் இருந்தது. பல்கனிக் கதவடிக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துத் திறந்தாள். சரிந்த வெயில் அறை முழுக்கப் பாய்ந்தது. கண் கூசித் திரும்பினாள்.

தரையில் அவளுடைய நிழல். சுவர்வரை நீண்டது.

அதன் கையைப் பிடித்தபடி இன்னொன்று.

அவள் கையை இழுக்கவில்லை. இழுக்க முடியவில்லை. பக்கத்தில் குனிந்து பார்க்கவும் துணிவு வரவில்லை. சூரியன் மறைய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

சின்ன நிழல் அவளுடைய கையை விட்டது. தலையை நிமிர்த்தியது.

தூக்கச் சொல்லும் பிள்ளையைப்போல இரண்டு கைகளையும் மேலே நீட்டியது.