இருநூறு நோட்டீஸ்

அந்தத் தெருவில் ஜெராக்ஸ் மாமாவின் உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. தபால்காரருக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸ் மாமா. அவருடைய மனைவி ஜெராக்ஸ் அத்தை.

கடை ரொம்பச் சின்னது. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு மேசை, ஒரு உயரமான ஸ்டூல். உள்ளே ஒருவர் திரும்பினால் இன்னொருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாமா மெஷினைப் பார்த்துக்கொள்வார். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து தாள்களை அடுக்கி, துளை போட்டு, சுருள் கம்பி கோத்துப் புத்தகமாக்குவார்.

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் போவாள். ஓயாமல் பேசுவாள் என்பதால் அவளுக்குச் 'சில்வண்டு' என்று பெயர் வைத்ததே அத்தைதான். "வந்துட்டியா? இரு, காதுல பஞ்சு வெச்சுக்கறேன். இப்ப ஆரம்பி" என்பார். ஒரு நாளும் பஞ்சு வைத்துக்கொண்டதில்லை.

அத்தை இப்போது இல்லை.

போன குளிர்காலத்தில் அவருக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தது. வெறும் சளிதான் என்று முதலில் நினைத்தார்கள். நான்காம் நாள் மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்குப் போனபோது, நோய் நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். பத்தாம் நாள் மாமா மட்டும் வீடு திரும்பினார்.

அதன் பிறகு சில்வண்டு அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. பள்ளியிலிருந்து பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பேச்சும் குறைந்துபோனது. பிள்ளைக்கு மனசு ஆறவில்லை, விட்டுப்பிடிப்போம் என்று அம்மாவும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் சில்வண்டின் மனதில் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் பள்ளியில் ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடந்தது ஒரு சனிக்கிழமை. தெருவில் எல்லோரும் போனார்கள். சில்வண்டு காலையிலேயே போட்டுக்கொண்டு, கையைத் தேய்த்தபடியே கடைக்கு ஓடினாள். அவள் வகுப்பு மாணவர்கள் கையால் எழுதிய பத்திரிகை அவளிடம் இருந்தது. நாற்பது பிரதிகள் எடுத்துப் புத்தகமாக்கித் தர வேண்டும், அதுவும் இன்றைக்கே வேண்டும் என்று அடம்பிடித்தாள். அத்தை கிளம்புவதற்காகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கழற்றிவிட்டார்.

"ஊசி எங்க ஓடிப்போகுது? உன் பத்திரிகை முதல்ல" என்றார்.

இதை வெளியே சொன்னால், 'ஆமாம், உன்னால்தான்' என்று எல்லோரும் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அதனால் ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் குளிர்காலம் வந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் வகுப்புக்கு வந்து பேசினார். ஃப்ளூ கிருமி வருடா வருடம் சட்டையை மாற்றிக்கொண்டு வரும், அதனால்தான் ஊசியும் வருடா வருடம் புதிதாகப் போட வேண்டும் என்றார். வலிக்குமா என்று ஒருவன் கேட்டான். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்றார். கறுப்பு எறும்பா, சிவப்பு எறும்பா என்று அவன் விடாமல் கேட்டதும் வகுப்பே சிரித்தது. சில்வண்டு மட்டும் சிரிக்கவில்லை.

நர்ஸ் கிளம்பியபோது அவள் பின்னாலேயே போய் வராந்தாவில் நிறுத்தினாள்.

"சிஸ்டர், ஜெராக்ஸ் அத்தை ஊசி போட்டிருந்தா பிழைச்சிருப்பாங்களா?"

நர்ஸ் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். சற்று யோசித்துவிட்டுத்தான் பேசினார்.

"தெரியாதும்மா. ஊசி போட்டவங்களுக்கும் சில சமயம் காய்ச்சல் வரும். ஆனா பெரும்பாலும் அவ்வளவு மோசமாகாது. அதனாலதான் போடச் சொல்றோம். அவங்க விஷயத்துல என்ன ஆகியிருக்கும்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

அன்று மாலையே அடுத்த சோதனை வந்தது. வரும் சனிக்கிழமை நடக்கவிருந்த ஊசி முகாமின் நோட்டீஸை இருநூறு பிரதி எடுத்து வரும்படி டீச்சர் அவளைத்தான் அழைத்துக் கொடுத்தார். அந்தக் கடை அவளுக்குத்தானே பழக்கம்.

கால் பின்னுக்கு இழுக்க, சில்வண்டு கடைக்கு நடந்தாள்.

மாமா இளைத்திருந்தார். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது, மேலே எதுவும் வைக்கப்படவில்லை. மாமா நோட்டீஸை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு மெஷினின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடினார். தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன.

"உங்க வீட்டுல, இங்க போகாதே, ஒட்டிக்கும்னு சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார் மாமா, மெஷினைப் பார்த்தபடியே. "அதான் நானும் உன்னைக் கூப்பிடல."

சில்வண்டு மேசை அருகே வந்தாள். அப்படி யாரும் சொல்லவில்லை என்றாள். பிறகு, சனிக்கிழமை அவர் ஊசி போட்டுக்கொள்ள வருவாரா என்று கேட்டாள். மாமா இல்லை என்று தலையை ஆட்டினார். கடையை யார் பார்ப்பது, தனக்கு இனிமேல் என்ன வந்தால்தான் என்ன என்று முணுமுணுத்தார்.

அதைக் கேட்டதும், ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அவள் வாயிலிருந்து கொட்டிவிட்டது. பத்திரிகை, அடம்பிடித்தது, அத்தை செருப்பைக் கழற்றியது எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள்.

மாமா மெஷினை நிறுத்தினார்.

"உன் வேலை மூணு மணிக்கே முடிஞ்சுது" என்றார். "முகாம் அஞ்சு மணி வரைக்கும் இருந்துச்சு. அவ மறுபடியும் கிளம்பினா. நான்தான், கூட்டமா இருக்கும், அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு சொன்னேன். அடுத்த வாரமும் வேலை வந்துடுச்சு."

இதை அவரும் யாரிடமும் சொன்னதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சில்வண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெரியவருக்கு எப்படி ஆறுதல் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் சொன்னாள்.

"நான் சிஸ்டர்கிட்ட கேட்டேன் மாமா. ஊசி போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதாம்."

"யாராலயுமா?"

"யாராலயும்."

மாமா மெஷினை மறுபடி ஓட விட்டார். சில்வண்டு கீழே விழுந்த நோட்டீஸ்களை எடுத்து, ஓரம் தட்டி அடுக்கினாள். இருநூறாவது தாள் வந்ததும், "சனிக்கிழமை நான் கடையைப் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"நீயா? வர்றவங்களைப் பேசவே விட மாட்டியே" என்றார் மாமா. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே சில்வண்டும் அம்மாவும் ஊசி போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்கள். அம்மா துணைக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மாமா கதவருகே போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். பச்சைப் பொத்தானை மட்டும்தான் அமுக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். கடைசியில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

முதலில் வந்தவரின் அடையாள அட்டையைச் சில்வண்டு மல்லாக்க வைத்துப் பொத்தானை அமுக்கினாள். வெள்ளைத்தாள்தான் வந்தது. "என் முகம் இவ்வளவு வெளுப்பா இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர். இரண்டாம் தடவை சரியாக வந்தது.

அடுத்து ஒரு பெண்மணி தடித்த கோப்போடு வந்தார். ரொம்ப நாள் கழித்து வருகிறாராம். காலியான ஸ்டூலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இங்க ஒரு அம்மா இருப்பாங்களே, அழகா பைண்டிங் பண்ணுவாங்களே, அவங்க எங்க?"

வாசலில் இருந்த அம்மா எழுந்துவிட்டார். அதற்குள் சில்வண்டு சொல்லிவிட்டாள்.

"அத்தை செத்துப்போயிட்டாங்க. போன குளிர்காலத்துல."

அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. சொன்ன பிறகும் கடை அப்படியே இருந்தது. அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோப்பை மாமாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா வர ஒரு மணி நேரமானது. சட்டைக் கையை மடித்துவிட்டு, பஞ்சை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்தார்களாம்.

"பக்கத்து நாற்காலி காலியா இருந்துச்சு" என்றார். "யாரையும் உட்கார விடல. ஆள் வருதுன்னு சொல்லிட்டேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில்வண்டு மாமாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மெஷினில் தாள் தீர்ந்துபோனது. புதுக் கட்டு தரையில் இருந்தது. மாமா குனிந்து தூக்கப் பார்த்து, "ஸ்" என்று ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதா மாமா?"

"வலிக்குது."

"எனக்கும்தான்."

இருவரும் வலிக்காத கையால் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். கட்டு மேசைக்கு ஏறியது.