அவன் கொண்டு வருவதாகச் சொன்ன கல்

சங்கராபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மதிய வெயில். தூரத்தில் கல்வராயன் மலை மங்கலாகத் தெரிந்தது. கடலுக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கரும்புக் கொல்லையை ஒட்டியிருந்த ஜெயப்பிரகாஷின் வீட்டுக்குள் கால் வைத்ததுமே உப்பு வாடை அடித்தது. என் பையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் அவனும் ஒரே கப்பலில் டெக்னீஷியன்கள். ஆழ்கடல் தரையில் கிடக்கும் உலோகக் கற்களைப் பொறுக்கியெடுக்க ஓர் இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மூன்று மாதத்துக்கு முன், அதைக் கடலில் இறக்கும்போது எழுந்த அலை அவனைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

அதனால் அவன் மனைவி எழில்மதி காரியம் செய்ய விடவில்லை. பொட்டும் பூவுமாகக் காத்திருந்தாள்.

"நீயாவது சொல்லு சரத்து," என்றார் அவன் அப்பா வீரமுத்து, தாழ்ந்த குரலில். "தெனிக்கும் அவனுக்கும் சேத்து சோறு வடிக்குது."

எழில்மதி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "கல்லு எடுத்துக்கினு வரேன்னாரு, அண்ணா. பாக்க உருளக்கெழங்கு மாதிரி இருக்கும், கொழம்புல போட்டுடாதன்னு கிண்டல் வேற."

பையைத் திறந்து கல்லை அவள் கையில் வைத்தேன். அவன் விழுந்த மறுநாள், அதே இடத்தில், ஐயாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. அவன் நினைவாகக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

"இன்னாண்ணா, ஈரமா கீது?"

மூன்று மாதம் என் அலமாரியில் காய்ந்து கிடந்த கல் அது.

"உள்ள இன்னா இருக்கும்?"

"சுறாப் பல்லோ கிளிஞ்சலோ இருக்கும்மா. அதச் சுத்தித்தான் படிஞ்சு வளரும். ஒரு மில்லிமீட்டருக்கே பத்து லட்சம் வருஷம் ஆவும்."

"ஒடைங்க மாமா. பாக்கணும்."

வீரமுத்து சுத்தியலால் தட்டினார். கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே மரத்தின் வளையங்கள் போல அடுக்கடுக்காகக் கறுப்பு. நடுவில் ஏதோ மின்னியது.

பல் இல்லை.

மோதிரம்.

எழில்மதி அதை முந்தானையில் துடைத்தாள். உள்பக்கம் அவள் பெயர் பொறித்திருந்தது. கல்யாணத்துக்குக் கள்ளக்குறிச்சியில் எடுத்த மோதிரம். அவன் விழும்போது விரலில் இருந்தது. நான் பார்த்தேன்.

வீரமுத்து சுத்தியலைக் கீழே வைத்தார். வெளியே கரும்புச் சோகைகள் உரசிக்கொண்டிருந்தன.

"எத்தினி வருஷம்ணா?"

அடுக்குகளைப் பார்த்தேன். மூன்று சென்டிமீட்டர் இருக்கும்.

"மூணு கோடி," என்றேன்.

"அவ்ளோ நாளா தனியாவா இருந்தாரு?"

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு மோதிரத்தைத் தன் விரலில் போட்டுக்கொண்டாள்.

"காரியத்துக்கு நாள் பாருங்க, மாமா."

பத்து நாள் கழித்துக் காரியத்துக்குப் போனேன். கையில் பை இல்லை. ஆனாலும் வாசலிலேயே அதே உப்பு வாடை.

எழில்மதி இலை போட்டாள். நெற்றி வெறுமையாக இருந்தது. மோதிர விரலில் தங்கம் தெரியவில்லை. அதன்மேல் ஈரமாக ஒரு கறுப்பு படிந்திருந்தது.

"கழட்டிடும்மா," என்று முணுமுணுத்தேன்.

"வரலண்ணா. வுடுங்க." பயமில்லாமல் சொன்னாள். "இனிமே அவரு தனியா இருக்க வேணாம்."

சோறு பரிமாற அவள் குனிந்தபோது பார்த்தேன். கறுப்பு விரலைத் தாண்டி, உள்ளங்கையில் அடுக்கடுக்காகப் படிந்துகொண்டிருந்தது.